பக்கவாதத்துக்குப் பிறகு மூளைக்குக் காந்தமும் மின்சாரமும்: எவ்வளவு நம்பலாம்?

பெங்களூரில் பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒருவரின் குடும்பத்துக்கு, முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுவார்: "மூளைக்கு மேக்னெட் வைக்கிறாங்களாம், கை திரும்ப வருதாம்." சொல்பவர் அல்சூரில் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். ஓசூரிலிருந்து சித்தப்பா அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவாகவும், ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தின் விளம்பரமாகவும் இருக்கலாம். இன்னொரு பக்கம், "அதெல்லாம் சோதனையில் தோற்றுப்போனது" என்று செய்தி வரும். அடுத்த வாரமே "பக்கவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூளைக் கருவி" என்று வேறொரு செய்தி.

இந்தச் செய்திகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோலத் தெரிவதற்குக் காரணம் எளிது. மூளைத் தூண்டல் என்ற ஒரே பெயரின் கீழ் நான்கைந்து வெவ்வேறு சிகிச்சைகள் ஓடுகின்றன. ஒன்றின் வெற்றியை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்க, முதலில் மூளையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## செத்த இடமும் பிழைத்த இடமும்

பக்கவாதம் இரண்டு வகை. ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. பெரும்பாலானவை அடைப்பு வகை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சை கிடைக்காமல் போனால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான பிரபலமான கணக்கு. அதனால்தான் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் என்ற கெடு. கம்பி விட்டுக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், 24 மணி நேரம் வரை.

இந்தக் கெடு முடிந்த பிறகு செத்த செல்கள் செத்தவையே. காந்தமும் மின்சாரமும் அவற்றை எழுப்புவதில்லை. "செயலிழந்த செல்களை உயிர்ப்பிக்கிறோம்" என்று ஒரு விளம்பரத்தில் இருந்தால் அதோடு அந்த விளம்பரத்தை மூடிவிடலாம்.

அப்படியானால் மீட்சி எங்கிருந்து வருகிறது? செத்த இடத்தைச் சுற்றிப் பிழைத்திருக்கும் பகுதி, அதே பக்கத்தின் மற்ற பகுதிகள், எதிர்ப்பக்க மூளை ஆகியவை தங்கள் இணைப்புகளை மாற்றிக்கொண்டு, போன வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. நியூரோபிளாஸ்டிசிட்டி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். 1996இல் அணில் குரங்குகளை வைத்து நடந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று இதைக் கண்ணெதிரே காட்டியது. மூளையில் கைக்கான பகுதியில் சிறிய பாதிப்பை உண்டாக்கி, அந்தக் கைக்குப் பயிற்சி கொடுத்தபோது, மிச்சமிருந்த கைப்பகுதி தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. பயிற்சி கொடுக்காத குரங்குகளில், பாதிக்கப்படாமல் தப்பித்திருந்த கைப்பகுதியும் சுருங்கிப்போனது.

மனிதர்களில் இந்த மாற்றம் மிக வேகமாக நடப்பது முதல் மூன்று மாதங்களில். 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 72 நோயாளிகளைப் பிரித்து, வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு காலங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்து இரண்டு மூன்று மாதங்களில் அதைப் பெற்றவர்களுக்கே பலன் அதிகம். ஆறு மாதம் தாண்டிப் பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிடக் குறிப்பிடும்படி எதுவும் கூடவில்லை. அதற்காக முதல் நாளே எழுப்பி நடக்க வைப்பதும் சரியல்ல. 24 மணி நேரத்துக்குள் அதிக அளவில் நடமாட வைத்தது நன்மையைவிடக் கெடுதலையே செய்தது என்று 2,104 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் காட்டியது.

## எந்தெந்த முறைகள்

1. டிஎம்எஸ். தலைக்கு மேல் எட்டு வடிவக் கம்பிச்சுருள் ஒன்றை வைப்பார்கள். அதில் ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு நேரத்துக்குப் பெரும் மின்னோட்டம் பாயும். எம்ஆர்ஐ எந்திரத்துக்கு இணையான, ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா அளவிலான காந்தத் துடிப்பு உண்டாகும். அது மண்டையோட்டைத் தடையில்லாமல் கடந்து, மூளையின் மேற்பரப்பில் மின்னோட்டத்தைத் தூண்டும். எட்டும் ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழு 1985இல் செய்துகாட்டிய முறை இது. நொடிக்கு ஒரு துடிப்பு என்ற வேகத்தில் தொடர்ந்து கொடுத்தால் அந்த இடத்தின் செயல்பாடு பொதுவாகத் தணியும். நொடிக்கு ஐந்துக்கு மேல் கொடுத்தால் கூடும். சுருளில் "டக் டக்" என்று சத்தம் பலமாக இருப்பதால் காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள்.

2. டிடிசிஎஸ். ஈரப் பஞ்சு வைத்த இரண்டு மின்முனைகளைத் தலையில் கட்டி, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20, 30 நிமிடம் செலுத்துவது. டிஎம்எஸ் போல நரம்புச் செல்லை நேராகச் சமிக்ஞை அனுப்ப வைக்கும் வலு இதற்கு இல்லை. சமிக்ஞை அனுப்பத் தயாராக இருக்கும் செல்லைக் கொஞ்சம் முன்னே தள்ளும், அல்லது பின்னே இழுக்கும். கருவி மலிவு, கையில் எடுத்துப் போகலாம். மலிவாகக் கிடைப்பதாலேயே ஆன்லைனில் வாங்கி வீட்டில் தலையில் மாட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு அப்படிச் செய்யவே கூடாது.

3. வாகஸ் நரம்புத் தூண்டல். இதில் தலையைத் தொடுவதே இல்லை. மார்புத் தோலுக்கு அடியில் ஒரு சிறு கருவியைப் பதித்து, அதன் கம்பியைக் கழுத்தின் இடப்பக்கம் ஓடும் வாகஸ் நரம்பில் சுற்றுவார்கள். அந்த நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து நோர்அட்ரினலின், அசிட்டைல்கோலின் போன்ற வேதிப்பொருட்களை மூளை முழுதும் சுரக்கச் செய்யும்.

4. ஆழ்மூளைத் தூண்டல். பார்க்கின்சன் நோய்க்கு நெடுங்காலமாகச் செய்யும் அறுவைச் சிகிச்சை. பக்கவாதத்துக்கு, சிறுமூளையின் உள்ளே இருக்கும் டென்டேட் என்ற நரம்புத் திரளில் மின்முனை பதித்து அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் முயன்றார்கள். 12 பேர் பங்கேற்ற முதற்கட்ட ஆய்வு 2023இல் வெளியானது. ஒன்பது பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. பன்னிரண்டு பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. பெங்களூரில் இருக்கும் ஒரு குடும்பம் இப்போதைக்கு இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

## இரண்டு பக்கச் சண்டை என்ற கோட்பாடு

டிஎம்எஸ் எப்படி வேலை செய்யும் என்று கேட்டால் பெரும்பாலான மையங்களில் ஒரே விளக்கம்தான் வரும். கேட்க அழகாக இருக்கும், பாதி உண்மையும்கூட.

ஆரோக்கியமான மூளையில் வலது, இடது பக்கங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொள்கின்றன. இடப்பக்கம் பழுதானால் வலப்பக்கத்தைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. அது அளவுக்கு மீறி வேலை செய்து, ஏற்கெனவே அடிபட்ட இடப்பக்கத்தை இன்னும் அமுக்குகிறது. ஆகவே நல்ல பக்கத்தை மெதுவான துடிப்புகளால் தணிக்கலாம், அல்லது பழுதான பக்கத்தை வேகமான துடிப்புகளால் உசுப்பலாம். 2004 வாக்கில் வந்த அளவீடுகள் இந்த யோசனைக்கு ஆதாரமாக அமைந்தன. அதன் பிறகு உலகெங்கும் நூற்றுக்கணக்கான சிறு ஆய்வுகள் இதே வாய்ப்பாட்டின்படி நடந்தன.

சிக்கல் இரண்டு இடத்தில் வந்தது. ஒரே நோயாளிகளை முதல் வாரத்திலிருந்து ஓராண்டு வரை தொடர்ந்து அளந்து பார்த்த ஆய்வு 2019இல் வெளியானபோது, ஆரம்ப நாட்களில் இந்த ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை. கை ஓரளவு மீண்ட பிறகே அது தலைகாட்டியது. அப்படியானால் அதை நோய்க்குக் காரணம் என்று சொல்வது கடினம். மீட்சியின் பக்கவிளைவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் முக்கியம். பாதிப்பு சிறிதாக இருப்பவருக்கு நல்ல பக்கம் தொந்தரவு செய்யலாம். பாதிப்பு மிகப் பெரிதாக இருப்பவருக்கோ, கையில் மிச்சமிருக்கும் கொஞ்ச அசைவே அந்த நல்ல பக்கத்தின் தயவில் ஓடிக்கொண்டிருக்கலாம். அவருடைய நல்ல பக்கத்தைத் தணிப்பது இருக்கும் ஒரே துணையையும் விலக்குவதாகும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இப்படித் தணித்தபோது கையின் கட்டுப்பாடு தற்காலிகமாக மோசமானதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பக்கம், ஒரே வேகம், பத்து அமர்வு என்று பேக்கேஜ் போடும் மையத்தை நான் நம்பாததற்கு இதுவே முதல் காரணம்.

## பெரிய சோதனைகளில் நடந்தது

சிறு ஆய்வுகளில் பலன் தெரிந்த பிறகு, பல மருத்துவமனைகளில், குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மைத் தூண்டலும் மறுபாதிக்குப் போலித் தூண்டலும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். போலித் தூண்டலில் சத்தம், தொடு உணர்வு எல்லாம் இருக்கும். மூளையில் விளைவு மட்டும் இருக்காது.

முடிவுகளைப் படிக்க ஓர் அளவுகோல் தேவை. ஃபூகல்-மேயர் மதிப்பெண் என்பது கையின் அசைவை 66க்கு மதிப்பிடுவது. 66 என்றால் இயல்பான அசைவு. நாலைந்து மதிப்பெண் கூடினால்தான் அன்றாட வாழ்க்கையில் வித்தியாசம் தெரியும் என்று கணக்கிடுகிறார்கள். வெறும் "முன்னேற்றம்" என்று சொன்னால் போதாது, எத்தனை மதிப்பெண் என்று கேட்க வேண்டும்.

நைச் என்ற சோதனை அமெரிக்காவின் 12 மையங்களில், பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதங்கள் ஆன 199 பேரை வைத்து நடந்தது. நல்ல பக்கத்தை மெதுவான டிஎம்எஸ்ஸால் தணித்துவிட்டு உடனே கைப்பயிற்சி கொடுத்தார்கள். 2018இல் முடிவு வந்தது. உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்கு ஐந்து மதிப்பெண்ணோ அதற்கு மேலோ கூடியது. போலித் தூண்டல் பெற்றவர்களில் 65 சதவீதம் பேருக்கு! தூண்டலைப் பொறுத்தவரை இது தோல்வி. ஆனால் அந்த 65ஐத் திரும்பப் பாருங்கள். எந்தத் தூண்டலும் இல்லாமல், முறையான பயிற்சியால் மட்டும் மூன்றில் இரண்டு பேருக்குக் கை குறிப்பிடும்படி மேம்பட்டிருக்கிறது. செய்தித்தாள்கள் கவனிக்காத எண் அது.

டிடிசிஎஸ்ஸுக்கும் அதே கதிதான். போலி, 2 மில்லி ஆம்பியர், 4 மில்லி ஆம்பியர் என்று மூன்று பிரிவாக 129 பேரை வைத்து நடந்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2025இல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பயிற்சி. நல்ல கையைக் கட்டிப்போட்டுவிட்டுப் பழுதான கையையே பயன்படுத்த வைக்கும் முறை அது. மூன்று பிரிவும் முன்னேறின, மூன்றுக்கும் இடையே பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. 4 மில்லி ஆம்பியர்கூடப் பாதுகாப்பானது என்று தெரிந்ததுதான் மிச்சம்.

இதற்கு நேர்மாறாக, ஐரோப்பிய நிபுணர் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் நல்ல பக்கத்துக்குக் கொடுக்கும் மெதுவான டிஎம்எஸ் கையின் மீட்சிக்கு உதவும் என்று தன் உயர்ந்த தரச் சான்றை வழங்கியது. மருத்துவர்கள் சிலர் இதை மேற்கோள் காட்டுவார்கள், அவர்கள் சொல்வது தவறல்ல. ஆனால் அந்தச் சான்று பல சிறு ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து வந்தது. சிறு ஆய்வுகளில் பலன் தெரிந்தவை எளிதில் அச்சேறும், தெரியாதவை மேசையிலேயே தங்கிவிடும் என்ற கோளாறு எப்போதும் உண்டு. மருத்துவ உலகில் இதுபற்றி இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பக்கவாதத்தில் கை மீட்சிக்கென டிஎம்எஸ்ஸுக்கு, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி வழங்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, அனுமதி தரவில்லை. அதே கருவிக்கு மனச்சோர்வு சிகிச்சைக்காக 2008இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. விளம்பரத்தில் "எஃப்டிஏ அங்கீகாரம் பெற்றது" என்று பார்த்தால், எந்த நோய்க்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

## வாகஸ் மட்டும் ஏன் தேறியது

பெரிய சோதனையில் வென்ற முறை இது ஒன்றுதான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 108 பேர், எல்லோருக்கும் பக்கவாதம் வந்து 9 மாதம் முதல் 10 ஆண்டு வரை ஆகியிருந்தது. அதாவது "இனி இவ்வளவுதான்" என்று பலர் கைவிட்டிருக்கக்கூடிய நிலை. அனைவருக்கும் அறுவைச் சிகிச்சை செய்து கருவியைப் பதித்தார்கள், பாதிப் பேருக்கு மட்டும் உண்மையாக இயக்கினார்கள். ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு தூண்டல் பெற்றவர்களுக்கு 5 மதிப்பெண் கூடியது, மற்றவர்களுக்கு 2.4. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வாழ்க்கையில் உணரத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் ஒரு பிரிவில் 47 சதவீதம், மறுபிரிவில் 24 சதவீதம். 2021இல் இந்த முடிவு வெளியானது, அதே ஆண்டு ஆகஸ்டில் எஃப்டிஏ அனுமதியும் கிடைத்தது. "அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருவி" என்ற செய்தி இதைப் பற்றியது. தலைக்கு மேல் வைக்கும் காந்தத்தைப் பற்றியது அல்ல.

ஏன் இது தேறியது என்பதுதான் இந்தத் துறை முழுவதிலும் என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி. டிஎம்எஸ் சோதனைகளில் தூண்டல் முதலில், பயிற்சி அப்புறம். டிடிசிஎஸ்ஸில் இரண்டும் சேர்ந்தே நடந்தாலும், மின்சாரம் அரைமணி நேரம் எந்த அசைவையும் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வாகஸில் அப்படியில்லை. நோயாளி டம்ளரை நோக்கிக் கையை நீட்டும் அந்தக் கணத்தில் தெரபிஸ்ட் பொத்தானை அழுத்துவார். அரை நொடி மட்டும் தூண்டல். அடுத்த அசைவு, அடுத்த அழுத்தல். ஓர் அமர்வில் இப்படி 300 தடவைக்கு மேல்.

"இப்போது செய்தாயே, அதைப் பதித்துக்கொள்" என்று ஒவ்வோர் அசைவின்போதும் மூளைக்குச் சொல்வதாக இதை விளங்கிக்கொள்ளலாம். எலிகளில் இதைச் சோதித்தபோது, பயிற்சியின்போது தூண்டினால் கை மீண்டது. அதே அளவு தூண்டலைப் பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

தூண்டல் நிலத்தில் ஈரம் பாய்ச்சுவது மாதிரி. உழுகிற வேலையைப் பயிற்சிதான் செய்ய வேண்டும், அதுவும் ஈரம் காய்வதற்குள். கைப்பயிற்சி இல்லாமல் வெறும் தூண்டல் அமர்வுகளை மட்டும் விற்கும் இடம் எதுவானாலும், இந்தத் துறையின் ஆதாரங்களுக்கு வெளியே நிற்கிறது.

வாகஸ் முறைக்கும் குறைகள் உண்டு. அறுவைச் சிகிச்சை வேண்டும், சிலருக்கு குரல் கரகரக்கும், இருமல் வரும். சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் அடைப்பு வகைப் பக்கவாதம் வந்தவர்கள், கையில் ஓரளவு அசைவு மிச்சம் இருந்தவர்கள். கை முற்றிலும் அசையாதவருக்கும், ரத்தக்கசிவு வகைக்கும் இந்த எண்கள் பொருந்தா.

## டிஎம்எஸ்ஸின் இன்னொரு வேலை

சிகிச்சையாகத் தடுமாறும் டிஎம்எஸ், பரிசோதனைக் கருவியாக மிகவும் கெட்டிக்காரத்தனமானது. இதை இங்கே பலர் பேசுவதே இல்லை.

மூளையில் அசைவுகளை இயக்கும் மேற்பரப்புப் பகுதியான மோட்டார் கார்டெக்ஸ் மீது ஒற்றைத் துடிப்பு கொடுத்து, கைத்தசையில் மின்சமிக்ஞை வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கைக்குச் செல்லும் நரம்புப்பாதை பிழைத்திருக்கிறது என்று பொருள், நோயாளியால் விரலை அசைக்க முடியாவிட்டாலும்கூட. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவான பிரெப்2 என்ற முறை இதைப் பயன்படுத்துகிறது.

1. மூன்றாம் நாளில் தோளைத் தூக்கும் வலு, விரலை நீட்டும் வலு இரண்டுக்கும் ஐந்து ஐந்தாகப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் எந்திரமே வேண்டாம், கை நன்றாக மீளும் என்று எதிர்பார்க்கலாம்.
2. ஐந்துக்குக் குறைந்தால் முதல் வாரத்துக்குள் டிஎம்எஸ் பரிசோதனை. சமிக்ஞை வந்தால், இப்போது அசையாத கையும் நல்ல அளவுக்கு மீள வாய்ப்பு உண்டு.
3. சமிக்ஞை வராவிட்டால், பாதிப்பின் ஒட்டுமொத்தக் கடுமையைப் பார்த்து எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வார்கள்.

மூன்று மாதம் கழித்துக் கை எப்படி இருக்கும் என்பதை இது நான்கில் மூன்று பேருக்குச் சரியாகக் கணிக்கிறது. முதல் படிக்குக் காசே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

## கையைத் தாண்டி

நடை, சமநிலை விஷயத்தில், ரோம் நகரக் குழு ஒன்று சிறுமூளைமீது டிஎம்எஸ்ஸின் ஒரு வகையைக் கொடுத்து 36 பேரிடம் பலன் கண்டது. 2019இல் வெளியான ஆய்வு அது. ஊக்கம் தருவது, ஆனால் சிறியது. பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு தனிக் கதை. அது வந்தால் நோயாளி பயிற்சிக்கே எழுந்திருக்க மாட்டார். மாத்திரை, ஆலோசனை இவற்றோடு டிஎம்எஸ்ஸும் அங்கே பரிசீலிக்கத்தக்கது.

பேச்சிழப்பில் மூளைத் தூண்டலின் ஆதாரம் இன்னும் உறுதிப்படவில்லை. பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் வேறொரு கேள்வி முந்திக்கொள்கிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவருக்குப் பேச்சு போனால், ஸ்பீச் தெரபி எந்த மொழியில்? 608 பக்கவாத நோயாளிகளை வைத்து ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பலமொழி பேசுபவர்களில் 40.5 சதவீதம் பேருக்கு நினைவாற்றலும் சிந்தனைத்திறனும் இயல்பாக இருந்தன. ஒரே மொழி பேசுபவர்களில் 19.6 சதவீதம். ஆனால் பேச்சிழப்பு வருவதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. வீட்டில் யாரோடு, எந்த மொழியில் அதிகம் பேசப்போகிறாரோ அந்த மொழியில் பயிற்சி கிடைக்கிறதா என்று பார்ப்பது, தலையில் எந்த மின்முனை என்று பார்ப்பதைவிட முதலில் வர வேண்டும்.

## யாருக்கு ஆகாது

தலைக்குள் உலோகக் கிளிப் அல்லது துணுக்கு உள்ளவர்கள், காக்ளியர் இம்பிளாண்ட் (காது கேட்க உள்ளே பதிக்கும் கருவி) வைத்தவர்கள் டிஎம்எஸ்ஸை நெருங்கக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் கூடாது. பக்கவாதத் தழும்பே வலிப்புக்கு வழிவகுக்கும் என்பதால், ஃபிட்ஸ் வந்த வரலாறு இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். முறைப்படி செய்தால் டிஎம்எஸ்ஸால் வலிப்பு வருவது மிக அரிது, ஆனால் வந்தால் சமாளிக்கத் தெரிந்தவர் அறையில் இருக்க வேண்டும். மண்டையோட்டின் ஒரு பகுதியை அறுவையில் எடுத்திருந்தால் மின்சாரம் பாயும் வழியே மாறிவிடும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

## பெங்களூரில் முடிவெடுக்கும்போது

மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான அரசு மருத்துவமனையான நிம்ஹான்ஸில் டிஎம்எஸ், டிடிசிஎஸ் இரண்டும் முக்கியமாக மனநல சிகிச்சையிலும் ஆய்விலும் பயன்படுகின்றன. நரம்பியல் மறுவாழ்வுக்குத் தனித் துறையும் அங்கே இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பழகிய இடம். தனியார் மையங்களும் நகரில் உண்டு. எங்கே போனாலும் முதல் செலவு பணத்தில் இல்லை, நேரத்தில். வாரம் ஐந்து நாள் சில்க் போர்டு ஜங்ஷனைத் தாண்டி அரைமணி நேரத் தூண்டலுக்கு வந்து போகும் நோயாளிக்கு, வீடு திரும்பும்போது கையை நூறு தடவை நீட்டத் தெம்பு இருக்குமா?

ஏனென்றால் எண்ணிக்கைதான் இங்கே பிரச்சினை. விலங்கு ஆய்வுகளில் ஓர் அமர்வுக்கு நானூறு, ஐநூறு தடவை அசைக்க வைத்தார்கள். வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களில் நேரில் எண்ணிப் பார்த்தபோது, ஓர் அமர்வில் கையைப் பயன்படுத்திச் செய்த அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே. லண்டன் குவீன் ஸ்கொயரில் மூன்று வாரத்துக்குள் 90 மணி நேரம் பயிற்சி கொடுத்த திட்டத்தில், பெரும்பாலும் பழைய பக்கவாதம் கொண்ட 224 பேருக்கு ஆறு மாதம் கழித்து 9 மதிப்பெண் கூடியிருந்தது. அதில் ஒப்பிடும் பிரிவு இல்லை என்பதால் அதையும் ஒரு படி குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும், எந்த மூளைத் தூண்டலும் இல்லாமல் வந்த எண் அது.

வீட்டார் தாங்களே பயிற்சி கொடுத்துவிடலாமா? 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் என்ற சோதனை இதைத்தான் கேட்டது. குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுத்த பிரிவிலும் கொடுக்காத பிரிவிலும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் சேர்ந்து 47 சதவீதம். அக்காவும் தம்பியும் அன்போடு கையைப் பிடித்துவிடுவது தேவைதான். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோரின் இடத்தை அது நிரப்பாது.

ஆகவே தூண்டல் சிகிச்சைக்கு முன்பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்:

1. மூளையின் எந்தப் பக்கம், என்ன வேகம், இந்த நோயாளிக்கு ஏன் அது?
2. நரம்புப்பாதை பிழைத்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?
3. தூண்டலோடு சேர்த்து எவ்வளவு நேரம் கைப்பயிற்சி? யார் கொடுப்பார்? ஓர் அமர்வில் ஏறத்தாழ எத்தனை அசைவு?
4. இன்று ஃபூகல்-மேயர் மதிப்பெண் எத்தனை? எந்தத் தேதியில் மறுபடி அளப்பீர்கள்? கூடாவிட்டால் நிறுத்திவிடுவீர்களா?
5. அதே பணத்தில் தூண்டல் இல்லாமல் எத்தனை மணி நேரத் தெரபி கிடைக்கும்?

ஐந்தாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் நேரான பதில் வராது.

"இது ஆராய்ச்சி" என்று சொன்னால் கணக்கு மாறும். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதை யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, வழக்கமான சிகிச்சைக்கு மேல் ஆராய்ச்சிக்காகச் செய்யப்படும் எதற்கும் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் நீட்டினால், தமிழில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆராய்ச்சி என்றும் சொல்லி, அமர்வுக்கு இவ்வளவு என்றும் பில் போட்டால், அங்கே கையெழுத்துப் போட வேண்டாம்.